ஆறாத தொண்டை வலி: வாத்தியார்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஜூலை பிறந்தால் எங்கள் ஆசிரியர் அறை மேஜைகளில் ஃபிளாஸ்க்குகள் முளைத்துவிடும். ஜூனில் சேர்ந்த இளம் ஆசிரியர்கள் அறுபது பிள்ளைகளுக்கும் மின்விசிறி இரைச்சலுக்கும் மேலாகத் தினமும் ஆறு பீரியட் கத்திவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். இந்த வருடம் புதிதாக வந்த கணக்கு டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்துக்குப் போடும் கோடு அது. "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "மெடிக்கல்ல கேட்டேன் சார், குடுத்துட்டாங்க" என்றார்.

வெந்நீர் குடியுங்கள், ஐஸ் வேண்டாம் என்றெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

மெடிக்கலில் வாங்கும் 'அந்த மூணு மாத்திரை'

அசித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக், மூன்று நாள். ஒரு காலத்தில் எனக்கும் அதுதான் வைத்தியம். முதல் தடவை, வலி வந்த நாலாம் நாள் வாங்கிப் போட்டேன். ஆறாம் நாள் சரியாகிவிட்டது. அட, அருமையான மருந்து என்று நம்பிவிட்டேன். தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆன்டிபயாடிக்கால் வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. நான் மாத்திரை போடாமல் இருந்திருந்தாலும் ஆறாம் நாள் சரியாகியிருக்கும். பேர் மட்டும் மாத்திரைக்குப் போய்விட்டது.

அடுத்த வருடம் வந்த வலி போகவே இல்லை. காலையில் எழுந்ததும் கரகரப்பு, தொண்டையில் சோற்றுப் பருக்கை சிக்கிக்கொண்ட மாதிரி ஓர் உணர்வு, நாள் முழுக்கச் செருமல். காய்ச்சல் கிடையாது. நாலு மாதத்தில் மூன்று தடவை அதே அட்டையை வாங்கினேன். மூன்றாவது தடவை வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது, செய்முறைத் தேர்வு நடக்கும் வாரத்தில் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் ஒரு இ.என்.டி. டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்தவர், "இன்ஃபெக்‌ஷன் எதுவும் இல்லை. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். டியூஷன் முடித்து பத்தரைக்குச் சாப்பாடு, தோசையும் காரச் சட்னியும். தொண்டைக்கு இதமாக இருக்கட்டுமென்று அதன்மேல் ஒரு டம்ளர் மிளகுப் பால். உடனே படுக்கை. படுத்ததும் இரைப்பையிலிருந்த அமிலம் மேலேறி, குரல்வளையின் பின்பக்கத்தைத் தினமும் எரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நெஞ்செரிச்சலே இல்லையே என்றேன். பலருக்கு அது இருக்காதாம். பிளஸ் டூவுக்கு வருடா வருடம் அமிலமும் காரமும் நடத்துகிறவன் நான். அன்றைக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினேன். சாப்பிட்டபின் மூன்று மணி நேரம் படுப்பதில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தினேன். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், அது பயன்படாது. டாக்டர் கொடுத்த அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டேன். தொண்டை பழைய நிலைக்கு வர இரண்டு மாதம் ஆனது.

அதற்காக ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. திடீரென்று காய்ச்சல், இருமல் இல்லை, டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் வலியோடு நெறிகட்டு என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம், நாமோ நாள் முழுக்க அவர்களுக்கு நடுவில்தான் நிற்கிறோம். இதைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வாதக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுத்துவிடும். அதற்கு வழக்கமாகத் தருவது பெனிசிலின் வகை மருந்து, அதுவும் 10 நாள். பாதி அட்டையைப் போட்டுவிட்டுப் போனால், பிறகு தொண்டைச் சளியை எடுத்துச் சோதித்தாலும் கிருமி அகப்படாமல் போகலாம். ஆக, வைரஸானாலும் பாக்டீரியாவானாலும் அமிலமானாலும் அந்த மூணு மாத்திரை தப்பு. மிச்சத்தைப் பக்கத்து டீச்சருக்குத் தானம் செய்வது அதைவிடத் தப்பு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது.

செருமிக்கொண்டே இருப்பது

ஒவ்வொரு செருமலிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாண்கள் இன்னும் வீங்கும், இன்னும் சளி கட்டியது போலிருக்கும், இன்னும் செருமுவீர்கள். செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், இல்லாவிட்டால் எச்சிலையாவது விழுங்குங்கள்.

கிசுகிசுவென்று பேசுவது

குரலுக்கு ஓய்வு இல்லை அது. தணிந்த குரலில் பேசுங்கள், அல்லது பேசாதீர்கள்.

அதிமதுரத்தை மாதக்கணக்கில் மெல்லுவது

இரண்டு நாளைக்குச் சரி. தொடர்ந்து மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

மூக்கை மறப்பது

கணக்கு டீச்சருக்கு இதுதான் என்று பிறகு தெரிந்தது. சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூக்கடைப்பு. ராத்திரி முழுக்க வாயால் மூச்சு விட்டால் தொண்டை காயாமல் என்ன செய்யும்? மூக்கின் பின்பக்கமாக நீர் வேறு தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கு மருந்து எடுத்ததும் தொண்டை அடங்கியது. கரும்பலகையை இப்போது ஈரத்துணியால் துடைக்கிறார்.

ஸ்டீராய்டு இன்ஹேலர்

ஆஸ்துமாவுக்கு இதை இழுக்கிறவர்கள், மருந்து தொண்டையில் தங்காமலிருக்க, இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

மூன்று வாரம் தாண்டியும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது, ஒரு பக்கம் மட்டும் வலி, அதே பக்கத்துக் காதிலும் வலி, விழுங்க முடியாமை, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் இ.என்.டி. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். புகையிலை, பீடி, பாக்குப் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். மூச்சுவிடச் சிரமம், வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். தனியார் கட்டணத்தை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு காலையில்தான். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.