பிள்ளைகளை விலங்கு பார்க்க அழைத்துப் போகும்போது நாம் செய்கிற தவறுகள்

ஒரு வருடம் ஜூன் கடைசியில் 60 பிள்ளைகளை இரண்டு வேனில் ஏற்றிக்கொண்டு திருவாரூர் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரிக்குப் போனோம். பறவை இல்லை. சரி, தண்ணீராவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வெடித்துக் கிடந்த ஏரிக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "சார், இதுதான் சரணாலயமா?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். பள்ளி திறந்த சூட்டோடு ஒரு சுற்றுலா போய்விடலாம் என்று தேதி குறித்தது நான்தான்.

வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரிகள். பெயர் பெரியதுதான், ஆனால் இரண்டும் மேட்டூர்த் தண்ணீரை நம்பி இருப்பவை. ஜூன் 12-இல் அணையைத் திறந்தாலும் இங்கே தண்ணீர் வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். நவம்பரில் பறவை வரும், கூடவே மழையும் வரும். வேன் சேற்றில் மாட்டும். என் கணக்கில் பொங்கல் விடுமுறை முடிந்த முதல் இரண்டு வாரம்தான் நல்ல நேரம். அதுவும் காலை ஏழு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். வழியில் கோயில், டிபன் எல்லாம் முடித்துப் பதினோரு மணிக்குப் போனால் வெயிலைத்தான் பார்க்கலாம். அப்புறம், பி.டி. மாஸ்டரின் விசிலை முதலிலேயே வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையைச் சரிசெய்ய அவர் ஒருமுறை ஊதினார். மரத்தில் இருந்த நத்தைகுத்தி நாரைகள் அத்தனையும் ஒரே மூச்சில் எழும்பிப் போய்விட்டன.

இப்போது வெளியே போவதை விட்டுவிட்டு விலங்குகளைப் பள்ளிக்கே வரவழைப்பதும் நடக்கிறது. நாலு கூண்டு, ஒரு மைக், தலைக்கு இவ்வளவு என்று வசூல். ஒருமுறை அப்படி வந்தவரிடம் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, சாரைப்பாம்பு மூன்றும் இருந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். இந்த மூன்றுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி தனியார் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதவை என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. வீட்டுக்கு வீடு கிளி வளர்க்கிறார்களே என்றால், அதுவும் குற்றம்தான். ஈகுவானா, மக்காவ், பந்து மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்கள் என்றால், அவற்றையும் வனத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கு சார்" என்பது காகிதம் ஆகாது.

பாம்பு விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். பல்லைப் பிடுங்கிய நல்ல பாம்பை மகுடிக்கு ஆட்டிக் காட்டுவதில் பாடம் எதுவும் இல்லை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. எதிரே ஆடும் மகுடியைப் பார்த்துத்தான் அதுவும் அசைகிறது. வயலில் எலி பிடிக்கிற சாரையைப் பற்றி, பாம்பே இல்லாமல், ஒரு விவசாயி வந்து பேசினால் போதும். எங்கள் பள்ளியில் நன்றாக எடுபட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, தொட்டால்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்ற நினைப்பு. கோழிக்குஞ்சை 40 பேர் கைமாற்றினால் நாற்பதாவது கைக்கு வரும்போது அது கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன். வைத்திருந்த பெண், "தூங்குது டீச்சர்" என்றாள்.

டெல்டாவில் நமக்கு உம்பளச்சேரி மாடு இருக்கிறது. தெற்கத்தி மாடு, மொட்டை மாடு என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இதற்கென்றே அரசுப் பண்ணை உண்டு. முன்அனுமதி கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் உள்ளூர்க் கொட்டகையே போதும். நாங்கள் அப்படித்தான் போனோம். தாய் சாம்பல் நிறம், கன்று செங்கல் நிறம். நெற்றியில் வெள்ளைப் பொட்டும் காலில் வெள்ளையும் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. "இது வேற மாட்டோட கன்னு" என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். மாட்டுக்காரர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கால் மணி நேரம் அவர்களே சண்டை போட்டார்கள். கன்று மடியை முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்தபிறகுதான் அவன் இறங்கி வந்தான். இந்த இனத்தில் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்துக்குள் சாம்பலாகிவிடும். விடையை முதலிலேயே சொல்லியிருந்தால் நோட்டில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

கொட்டகையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கன்று கையை நக்கும். அடுத்த நிமிடம் புளிசாதப் பொட்டலம் பிரியும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஆரோக்கியமாகத் தெரியும் கோழி, வாத்து, ஆமையிடமிருந்துகூடத் தொற்றும். சாணி ஒட்டிய கையில் சானிடைசர் தடவிப் பயனில்லை, சோப்பும் தண்ணீரும்தான். ஒரு குழாயில் 60 பேர் என்றால் அரை மணி நேரம் போகும், அதையும் நேர அட்டவணையில் எழுதுங்கள். நாயோ குரங்கோ கீறினால் மஞ்சள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட வேண்டும்.

கோடியக்கரைக்குப் போவோர் பூநாரையைப் பக்கத்தில் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்; ஒரு பைனாகுலராவது எடுத்துப் போங்கள். வெளிமான் நிச்சயம் கண்ணில் படும் என்றே சொல்லலாம், வேனை விட்டு இறங்கி ஓடாதவரை. பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க வனத்துறை அனுமதித்தால், செல்போன் லைட்டை அடிக்காதீர்கள். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். செல்ஃபிக்காகக் கையில் தூக்குவதும் வேண்டாம். அது மணலில் தானாக ஊர்ந்துதான் போக வேண்டும்.

திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" கட்டுரை வேண்டவே வேண்டாம். "காலையில் எழுந்து பல் துலக்கி" என்று 60 நோட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தக் கொட்டகைப் பையன் கட்டுரை எழுதவில்லை. வாரம் ஒருமுறை சைக்கிளில் போய்க் கன்றைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் செவப்பாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.