பீட்டர்ஸ்பர்க்கில் அறை எடுக்கும் முன் நதியின் கரையைப் பாருங்கள்

கோடையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறவர்கள், நள்ளிரவுக்குப் பிறகு நெவா நதியின் எந்தக் கரையில் இருப்பீர்களோ, அதே கரையில் அறை எடுங்கள். வாடகை சற்றுக் குறைவு என்று மறுகரைக்குப் போனால், மிச்சம் பிடித்த பணம் டாக்ஸிக்கே போய்விடக்கூடும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, கப்பல்கள் செல்வதற்காக நெவாவின் பாலங்கள் இரவில் தூக்கப்படுகின்றன. அரண்மனைப் பாலம் ஒரு மணியை ஒட்டித் திறந்தால், நடுவில் சிறிது நேரம் மூடினாலும், விடியும் நேரம்தான் முழுமையாக மூடும். மெட்ரோவோ நள்ளிரவை ஒட்டியே நின்றுவிடும். நதியின் வடபுறமுள்ள வசீலியெவ்ஸ்கி தீவிலோ பெத்ரோகிராத் பகுதியிலோ தங்கியிருப்பவர், பாலம் திறக்கும் அந்த அருமையான காட்சியை எதிரே தென்புறமுள்ள அரண்மனைக் கரையில் நின்று ரசித்தால், எளிதில் திரும்பிப் போக வழி இருக்காது. காட்சியைத் தங்கியிருக்கும் பக்கமிருந்தே பார்த்தால் சிக்கலே இல்லை; அங்கிருந்தும் அழகு குறையாது. அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவையாவது தென்புறமுள்ள நெவ்ஸ்கி வீதிப் பக்கம் கழிப்பது நல்லது, புல்கோவோ விமான நிலையம் தெற்கே இருப்பதால் நெவாவைக் கடக்க வேண்டியிராது.

நதி உறையும் குளிர்காலத்தில் கப்பல் போக்குவரத்து இல்லை, எனவே எந்தக் கரையும் சரி. கோடையிலும் பதினொரு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுகிறவர்கள் விலையை மட்டும் பார்த்தால் போதும். தூக்கப்படாத பாலங்களும் உண்டு: தென்கிழக்கே பெரிய ஒபுகோவ் பாலம், மேற்கே கட்டண நெடுஞ்சாலை. ஆனால் இரண்டுமே நீண்ட சுற்று.