டிசேபிள் செய்த சர்வீஸ் மறுபடி ஏன் எழுகிறது? உபுண்டு பூட் சர்வீஸ்களைச் சீரமைக்கும் முறை

லினக்ஸ் வகைகளான உபுண்டுவும் டெபியனும் 2015 முதல் சிஸ்டம்டி என்ற நிர்வாக நிரல் வழியாகத்தான் பூட் ஆகின்றன. எந்தச் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) தானாக எழ வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுதான். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம்; டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'சிஸ்டம்சிடிஎல்' என்பது சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் (c, t, l) எழுத்துகளை இடைவெளியின்றி ஒட்டியது.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் --டைப்=சர்வீஸ்

இரண்டாம் நெடுவரிசையில் உள்ளதுதான் இப்போதைய நிலை. மூன்றாவது, விநியோகத்தார் (உபுண்டு, டெபியனை வெளியிடுவோர்) பரிந்துரைத்த நிலை மட்டுமே. பலர் அதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். 'ஸ்டாடிக்' என்றிருப்பவற்றை எனேபிள், டிசேபிள் செய்ய முடியாது. வேறொரு யூனிட் (சர்வீஸ், சாக்கெட் போல சிஸ்டம்டி கையாளும் ஒன்று) கூப்பிட்டால் அவை எழும்.

படி 2: தாமதம் எங்கே?

'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' ஒவ்வொரு சர்வீஸும் எடுத்த நேரத்தைக் காட்டும். அதை அப்படியே நம்ப வேண்டாம். சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் எழுவதால், 6 விநாடி எடுத்த ஒன்று பூட்டை ஒரு விநாடிகூடத் தாமதப்படுத்தாமல் இருந்திருக்கலாம். 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' காட்டும் சங்கிலியில் இருப்பவற்றை நிறுத்தினால்தான் நேரம் மிச்சமாகும்.

படி 3: நிறுத்துங்கள்

புளூடூத் தேவையில்லை என்றால்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் புளூடூத்

'--நவ்' விட்டுப்போனால் அடுத்த பூட்டில்தான் பலன் தெரியும். இப்போது ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். டிசேபிள் எதையும் அழிப்பதில்லை, பூட்டின்போது எழுப்பச் சொல்லும் இணைப்புக் கோப்பை மட்டும் நீக்குகிறது. எனேபிள் செய்தால் அது திரும்ப வந்துவிடும்.

சிக்கல் பிரிண்டர் சர்வீஸான கப்ஸில்தான் வரும். கப்ஸ்.சர்வீஸை மட்டும் நிறுத்திப் பாருங்கள்: கப்ஸ்.சாக்கெட்டும் (பிற நிரல்கள் தொடர்புகொள்ளும் வாசல்) கப்ஸ்.பாத்தும் (கோப்பு மாற்றத்தைக் கவனிப்பது) இதை மறுபடி எழுப்பக்கூடும் என்று எச்சரிக்கை வரும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். சாக்கெட்டில் யாராவது தட்டினால் சிஸ்டம்டி சர்வீஸை எழுப்பிவிடும். கப்ஸ்-பிரௌஸ்ட் என்ற துணைச் சர்வீஸும் கப்ஸை இழுத்துக்கொண்டு வரும். ஆகவே நான்கையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் கப்ஸ்.சர்வீஸ் கப்ஸ்.சாக்கெட் கப்ஸ்.பாத் கப்ஸ்-பிரௌஸ்ட்.சர்வீஸ்

படி 4: அதற்கும் அடங்காவிட்டால்

'டிசேபிள்' இருந்த இடத்தில் 'மாஸ்க்' போடுங்கள். யூனிட்டின் பெயர் டெவ்-நல் (/dev/null) என்ற வெற்றுக் கோப்பைச் சுட்டத் தொடங்கும். அதன்பின் கையால் ஸ்டார்ட் கொடுத்தாலும் எழாது. மாஸ்க் போட்டதை மறந்துவிட்டுப் பிற்பாடு பிரிண்டர் வாங்கி விழிப்பவர்கள் உண்டு. எங்காவது குறித்து வையுங்கள். 'அன்மாஸ்க்' பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

டிபஸ் (நிரல்களுக்கிடையே செய்தி கடத்துவது), சிஸ்டம்டி-லாகின்டி (உள்நுழைவைக் கவனிப்பது), நெட்வொர்க்மேனேஜர் மூன்றின் பக்கமே போகாதீர்கள். தொலைவிலுள்ள சர்வரில், அதற்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை நிறுத்தினால் நீங்களே வெளியில் நிற்பீர்கள். உபுண்டு 22.10 முதல் அதுவும் சாக்கெட் வழியாகத்தான் எழுகிறது, எனவே எஸ்எஸ்ஹெச்.சர்வீஸ் டிசேபிள் என்று தெரிந்தால் பதறாமல் எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்டின் நிலையைப் பாருங்கள்.

கைதவறி எதையோ நிறுத்தி டெஸ்க்டாப் வராமல் போனால், பூட் தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரிகவரி மோட், ரூட் என்று போங்கள். கோப்பு அமைப்பு படிக்க மட்டும் திறந்திருந்தால், முதலில் 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்துவிட்டு, நிறுத்திய சர்வீஸை எனேபிள் செய்து ரீபூட் செய்யுங்கள்.