நழுவும் சாக்ஸுக்கு ஒரு பட்டி

என் பேத்திக்குக் கால் குச்சி. பென்னாகரம் பஸ் வருவதற்குள் சாக்ஸ் கணுக்காலில் சுருண்டு கிடக்கும். ரப்பர் பேண்ட் போட்டால் சிவப்பாகத் தடம் விழுந்தது. தர்மபுரி கடைத்தெருவில் முக்கால் அங்குல எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வாங்கி நானே தைத்துவிட்டேன்.

முழங்காலுக்குக் கீழே, கெண்டைச் சதைக்கு மேலே சுற்றளவு எடுங்கள். அதோடு 1 அங்குலம் கூட்டி எலாஸ்டிக்கை வெட்டுங்கள். ஒரு முனையில் வெளிப்பக்கம் 3 அங்குலத்துக்கு மெத்தென்ற வெல்க்ரோ; மறுமுனையில் உள்பக்கம் 1 அங்குலத்துக்குச் சொரசொரப்பானது. இரண்டையும் ஒரே பக்கத்தில் தைத்தால் ஒட்டாது, நான் ஒருமுறை பிரித்துத் தைத்தவள்!

சாக்ஸ் மேல் கட்டி, விளிம்பை மடித்து மூடுங்கள். ஒரு விரல் நுழைய வேண்டும். துவைக்கும்போது ஒட்டியே போடுங்கள், இல்லாவிட்டால் தாவணியைப் பிடித்து இழுத்துவிடும்.