சுவிட்சை மேலே தட்டுங்கள்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்த முதல் இரவு குளியலறைக்குள் போனேன். இருட்டு. கையால் தடவிப் பார்த்தால் சுவிட்ச் கீழ்நோக்கி இருந்தது. ஊர்க் கணக்கில் அது போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பல்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி, இருட்டுக்குள்ளேயே முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன். காலையில் சித்தியின் பேரன், ஏழு வயதுப் பொடியன், அதே சுவிட்சை மேலே தட்டிக் காட்டினான். லைட் எரிந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஹெல்த் கார்ட், சின் நம்பர் என்கிற சமூகக் காப்புறுதி இலக்கம், பாங்க் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றுக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போக யாராவது இருப்பார்கள். இந்தச் சின்னச் சங்கதிகளைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. முப்பது வருஷம் இங்கே இருந்தவர்களுக்குத் தங்கள் கையும் ஒரு காலத்தில் சுவிட்சைக் கீழேதான் தட்டியது என்பது மறந்துவிட்டது. எனக்கு மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

மின்சாரத்தில் தொடங்கினேன், அதையே முடித்துவிடுகிறேன். ஊரில் 230 வோல்ட், இங்கே சுவரில் வருவது 120. அம்மா துணியால் சுற்றிக் கட்டித் தந்த ரைஸ் குக்கரை அடப்டர் போட்டுச் செருகினால் வெடிக்காது, ஆனால் கிட்டத்தட்டக் கால்வாசி வலுவில்தான் சூடாகும். அரிசி ஊறுமே தவிர அவியாது. கிரைண்டர் முனகும். போன் சார்ஜருக்கும் லாப்டொப்புக்கும் பிரச்சினை இல்லை. அடியில் பொடி எழுத்தில் 100–240 என்று போட்டிருந்தால் துணிந்து செருகலாம். அப்படிப் போடாத சாமான்களை ஊரிலேயே தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு வருவது புத்தி.

அப்பார்ட்மென்ட் லிஃப்டில் ஏறினால் அடுத்த குழப்பம். நிலத்தோடு இருப்பதுதான் இங்கே பெரும்பாலும் முதலாம் மாடி. நமக்கு முதலாம் மாடி, இவர்களுக்கு இரண்டாம் மாடி. சில கட்டடங்களில் 12-க்கு அடுத்தது 14. பதின்மூன்று ராசியில்லாத எண் என்று பொத்தானையே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். சீன நம்பிக்கைக்காக 4-ஐயும் தூக்கிய கட்டடங்கள் உண்டு. இருபதாம் மாடியில் குடியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது உண்மையில் எத்தனையாவது தட்டு என்பது தனிக் கணக்கு.

கடைக்குப் போனால் விலைச்சீட்டை நம்பி காசை எண்ணிக் கையில் வைத்திருக்காதீர்கள். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 13 வீத விற்பனை வரி சீட்டில் இராது, பில்லில்தான் வரும். அரிசி, பருப்பு, மரக்கறி, பால், முட்டை போன்ற அடிப்படைச் சாப்பாட்டுச் சாமான்களுக்கு வரி இல்லை. ஆனால் எது அடிப்படை என்பதில்தான் வேடிக்கை. வெறும் கச்சான் கடலைக்கு வரி இல்லை. உப்புப் போட்ட கச்சானுக்கு உண்டு. டோநட் ஒன்று வாங்கினால் வரி, ஆறாக வாங்கினால் இல்லை. ஐந்து வரைக்கும் அது நொறுக்குத்தீனி, ஆறாவது சேர்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகிற சாப்பாடு என்பது சட்டத்தின் நினைப்பு. மஃபினுக்கும் இதே கதைதான். பிள்ளைகளுக்கு ஐந்து வாங்கப் போனால் ஆறாவதைப் பற்றி ஒருமுறை யோசியுங்கள்.

காசு கொடுத்தாலும் கணக்கு நேராக முடியாது. ஒரு சத நாணயக் குற்றியை 2013 பெப்ரவரி 4 முதல் விநியோகிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் காசாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து சதத்துக்குக் கிட்டவாக உருட்டுவார்கள். 10.02 என்றால் பத்து டொலர், 10.03 என்றால் பத்து டொலர் ஐந்து சதம். கார்ட்டில் கட்டினால் சதம் பிசகாமல் எடுப்பார்கள். இரண்டு சதத்துக்காகக் கார்ட்டையும் காசையும் மாற்றி மாற்றி நீட்டுகிற ஒரு அண்ணை எனக்குத் தெரியும். வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தாலும் ஒரு கோப்பிக்குக் காணாது.

குற்றிகளைக் கையில் போட்டுப் பாருங்கள். பத்து சதம் ஐந்து சதத்தைவிடச் சின்னது; முன்னொரு காலத்தில் அது வெள்ளியில் அடித்தது. ஒரு டொலர் குற்றியில் லூன் என்கிற நீர்ப்பறவை இருக்கிறது, அதனால் எல்லோரும் அதை லூனி என்பார்கள். 1987-இல் அது வெளிவந்தபோது பறவை இருந்திருக்கக்கூடாது. துடுப்புப் படகு ஒன்றைத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். அந்த அச்சு ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் போகிற வழியில் தொலைந்துபோனது. எடுத்தவன் கள்ளக் காசு அடித்துவிடுவான் என்ற பயத்தில் அவசரமாகப் பறவைக்கு மாறினார்கள். 1996-இல் இரண்டு டொலர் குற்றி வந்ததும் அதற்கு டூனி என்று பெயர் விழுந்துவிட்டது. கடையில் லூனி, டூனி என்று சொன்னால் முழிக்காமல் இருந்தால் போதும்.

பால் பையில் வரும். நாலு லீட்டர் பை ஒன்றுக்குள் மூன்று சின்னப் பை. கடையில் பார்த்ததும் ஊரில் போலக் காய்ச்சுகிற பாலாக்கும் என்று நினைத்தேன். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் ஜக் விற்கிறது; பையை அதற்குள் இறக்கி, ஒரு மூலையைக் கத்தரியால் சின்னதாக வெட்டி, அப்படியே சரித்து ஊற்றுவது. ஜக் இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் குசினித் தரையைத்தான் கேட்க வேண்டும். வான்கூவரில் இருக்கிற மச்சாளுக்கு இதைச் சொன்னால் நம்பவில்லை. இது பெரும்பாலும் ஒன்ராறியோவுக்கும் அதற்குக் கிழக்கே இருக்கிற மாகாணங்களுக்கும் உரிய பழக்கம்.

அளவுகளில் இந்த நாடு பாதி வழியில் நின்றுவிட்டது. எழுபதுகளில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கினார்கள், முழுதாக மாறவில்லை. வெளியே குளிர் செல்சியசில், அடுப்பின் ஒவன் ஃபாரன்ஹைட்டில். சாலைத் தூரம் கிலோமீட்டரில், ஆளின் உயரம் அடியில். குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரி கிராமில் எழுதும், ஆச்சிமார் இறாத்தலில், அதாவது பவுண்டில், கேட்பார்கள். இந்த இரட்டை வாழ்க்கையால் 1983 ஜூலையில் ஒரு பெரிய பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கிலோவில் போட வேண்டிய எண்ணெயை இறாத்தல் கணக்கில் போட்டு, பாதிக்கும் குறைவாக நிரப்பியிருந்தார்கள். விமானி அதை மனிடோபாவில் கிம்லி என்ற இடத்துப் பழைய விமானத் தளத்தில் வெறும் காற்றில் மிதக்கவிட்டு இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. ஒவனில் 180 என்று வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல். 350 வைக்க வேண்டும்.

பெயர் விஷயத்தை மட்டும் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வந்த புதிதில் ஒரு கிளினிக்கில் குந்தியிருக்கிறேன். “மிஸ்டர் கந்தையா” என்று கூப்பிட்டார்கள். கந்தையா என் அப்பா. அவர் போய்ப் பதினொரு வருஷம். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விடமாட்டார்கள். அப்பாவின் பெயரைப் போடுங்கள், பாட்டன் பெயரைப் போடுங்கள், ஆனால் கடவுச்சீட்டில் எந்த ஒழுங்கில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பாங்க்குக்கு நீங்கள் இன்னொரு ஆள்.

விலாசம் எழுதும்போது வீட்டு இலக்கத்தை முதலில் போட்டு, ஒரு கோடு இழுத்து, பிறகு கட்டடத்தின் இலக்கம். 1207-50 என்றால் ஐம்பதாம் இலக்கக் கட்டடத்தில் 1207. அஞ்சல் குறியீடு எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும். ஸ்காபரோ என்றால் எம்1-இல் தொடங்கும். டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ என்ற ஆறு எழுத்துகளும் அதில் வரவே வராது, வேறு எழுத்தோடோ எண்ணோடோ குழம்பிவிடும் என்பதால். ‘ஓ’ மாதிரித் தெரிந்தால் அது பூச்சியம். எழுத்துகள் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே போகின்றன: ‘ஏ’ நியூஃபவுண்ட்லாந்து. 1986 ஆகஸ்டில் நம் தமிழ் அகதிகள் 155 பேரை உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீனவர்கள் ஏற்றிக் காப்பாற்றினார்களே, அந்தக் கரைதான். கனடாத் தமிழரின் கதைக்கும் அங்கேதான் ஒரு ‘ஏ’ இருக்கிறது.

இனிக் குசினி. இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். அது தீக்கும் தாளிதத்துக்கும் வித்தியாசம் பார்க்காது. ஒரு ஜனவரி இரவு பருப்புக்குத் தாளித்தேன்: கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. அலாரம் கத்தத் தொடங்கியது. துவாயை எடுத்து விசிறினேன், நிற்கவில்லை. கொரிடோர்க் கதவைத் திறந்து புகையை வெளியே விட்டேன். அதுதான் பெரிய பிழை. வீட்டுக்குள் இருந்த அலாரம் வீட்டோடு போயிருக்கும். கொரிடோரில் இருந்தது கட்டடம் முழுவதற்குமான அலாரம். அது அடித்ததும் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு மாடியும் படியால் இறங்கி, சாரத்தோடும் செருப்போடும் ஸ்னோவுக்குள் நின்றேன். சுற்றிவர இருநூறு பேர், கைக்குழந்தைகள், போர்வைக்குள் ஒரு பூனை. செத்தல் மிளகாய் வாசம் என் சேர்ட்டில் இருந்து போய்க்கொண்டே இருந்தது. யாரென்று கேட்கத் தேவையில்லை. தீயணைப்புக்காரர் என்னோடு மேலே வந்து, சட்டியைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அடுப்புக்கு மேலே இருந்த ஃபானைப் போட்டுவிட்டு, யன்னலைத் திறந்துவிட்டுப் போனார். அந்த ஃபான் எதற்கென்று அன்றுதான் தெரிந்தது.

ஆகவே: எண்ணெய் சூடாக முதலே ஃபான், பிறகு யன்னல், கொரிடோர்க் கதவு எக்காரணம் கொண்டும் இல்லை. அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைக்காதீர்கள். குற்றம், அதைவிட உயிராபத்து.

வெளியே இறங்கினால் எல்லோரும் ‘சொறி’ (sorry) சொல்வார்கள். நீங்கள் இடித்தாலும் அவர்கள்தான் சொல்வார்கள். இதற்கென்றே ஒன்ராறியோவில் 2009-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒருவர் மன்னிப்புக் கேட்டதை வைத்து அவர் பிழையை ஒப்புக்கொண்டார் என்று சிவில் வழக்கில் காட்ட முடியாது. தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸிடம் சொறி செல்லாது. அது சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, நடுவே தடுப்பு இல்லாத தெருவில் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். முதல் தடவையே 400 டொலரிலிருந்து 2,000 வரை தண்டம், லைசென்ஸில் ஆறு புள்ளி. ஊரில் ஓடிப் பழகின கால் பிரேக்கைத் தேடாது, பழக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நல்ல செய்தி: ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான டிடிசியில் ஒருமுறை கார்ட்டைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எந்தப் பக்கமும் ஏறி இறங்கலாம். கெதியாகச் சாமான் வாங்கினால் திரும்பி வரக் காசு கட்டத் தேவையில்லை.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருப்பார்கள், நான் கூட்டவில்லை. ஒன்று மட்டும்: ரொறன்ரோ லண்டனுக்கும் பாரிசுக்கும் தெற்கே இருக்கிறது. டிசம்பரில் லண்டனில் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் பகல், இங்கே ஒன்பதுக்குக் கிட்ட. வெயிலும் எறிக்கும். அந்த வெயிலை யன்னலால் பார்த்து ஏமாந்து மெல்லிய ஜாக்கெட்டோடு இறங்காதீர்கள். வெயில் எறிக்கிற நாள்தான் பல நேரம் கடுங்குளிர். வீட்டுக்குள் ஹீற்றர் காற்றை உலர்த்துவதால் கதவுக் கைபிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். கரண்ட் ஒழுக்கு என்று வீட்டுக்காரரைக் கூப்பிடாதீர்கள், நான் கூப்பிட்டேன்.

கடைசியாக மணிக்கூடு. மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு. உலகத்தை நேர வலயங்களாகப் பிரிக்கலாம் என்று சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் என்ற ரயில்வே எஞ்சினியர் 1879-இல் எடுத்துச் சொன்னது இதே ரொறன்ரோவில்தான். அயர்லாந்தில் காலையா மாலையா என்று அட்டவணையில் பிழையாக இருந்ததால் ரயிலைத் தவறவிட்ட கோபம் அவருக்கு. மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுகிற பழக்கத்தையும் 1908-இல் ஒன்ராறியோவின் போர்ட் ஆதர் என்ற ஊர், இன்றைய தண்டர் பே, தொடக்கி வைத்தது. ஆகவே முறையிட வெளியே போகத் தேவையில்லை.

கோடையில் யாழ்ப்பாணம் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் முன்னால். மாரியில் பத்தரை. நான் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அம்மாவுக்கு எடுப்பேன், அங்கே ஏழு மணி. முதல் நவம்பரில் அதே ஒன்பதரைக்கு எடுத்தால் அங்கே எட்டு. “ஒரு மணித்தியாலமா போனுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டிருக்கிறன், என்ன பாடோ எண்டு,” என்றார். இங்கே நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்றேன். “நேரத்தை ஆரடா மாத்துறது?” என்று கேட்டார். அக்டோபர் கடைசியிலேயே வீட்டில் சொல்லி வையுங்கள். மார்ச்சில் திரும்பவும் சொல்ல வேண்டிவரும்.