பியர் கிட் வாங்கியாச்சா? காய்ச்சும் நாளைச் சுலபமாக்க முந்தின நாள் இரவே தொடங்குங்கள்

முதல் தடவை நான் வீட்டில் பியர் காய்ச்சியபோது காலை பத்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். முடிக்கும்போது இரவு ஏழு தாண்டிவிட்டது. கொதிக்கும்போது பாத்திரம் பொங்கி அடுப்பு முழுக்கப் பாகு பிடித்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அடுத்த ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட வேண்டிய நிமிடம் கடந்துபோனது. சூட்டை ஆற்றுவதற்கு மட்டும் மூன்று மணி நேரம். இன்றும் அதே அடுப்புதான், அதே பாத்திரம்தான். ஆனால் மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். வேலையில் பாதியை முந்தின நாள் இரவுக்குத் தள்ளியதுதான் காரணம். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இருப்பது அமெரிக்காவில். 1978 அக்டோபரில் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, வயது வந்த ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக ஆண்டுக்கு 100 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். வயது வந்தவர்கள் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 கேலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஆகவே ஊரில் இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிட்டில் என்ன இருக்கும்?

இங்கே கடைகளில் கிடைக்கும் வழக்கமான பேல் ஏல் (வெளிர் நிறப் பியர்) கிட்டை எடுத்துக்கொள்வோம். 5 கேலன், அதாவது 19 லிட்டர் பியருக்கானது. உள்ளே ஒன்றரைக் கிலோ வீதம் இரண்டு டப்பா மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக முளைகட்டி வறுத்து உடைத்த பார்லி, அதைக் கட்டிப் போட ஒரு துணிப்பை, இரண்டு மூன்று பொட்டலம் ஹாப்ஸ், 11.5 கிராம் உலர் யீஸ்ட், பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்க 140 கிராம் சர்க்கரை.

எக்ஸ்ட்ராக்ட் என்றால் வேறொன்றுமில்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை இறுத்து, தொழிற்சாலையிலேயே பாகாக வற்றவைத்தது. பியர் காய்ச்சுவதில் நேரம் தின்னும் முதல் கட்டத்தை வேறொருவர் நமக்காகச் செய்து டப்பாவில் அடைத்துத் தந்திருக்கிறார். இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாக வாங்கிய எக்ஸ்ட்ராக்ட், நல்ல யீஸ்ட், சரியான வெப்பநிலை, இந்த மூன்றும் அமைந்தால் நல்ல பியர் வரும்.

கிட்டைத் தவிர 20 லிட்டர் பிடிக்கும் ஒரு ஸ்டீல் பாத்திரம், மூடியோடு 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி (இதுதான் ஃபெர்மென்டர், பியர் நொதிக்கும் இடம்), ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பான்), தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி), பாத்திரங்களில் கிருமி நீக்கும் சானிடைசர் வேண்டும். கண்ணாடிக் குடுவை வேண்டாம். 19 லிட்டர் திரவத்தோடு ஈரக்கையில் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முந்தின நாள் இரவு

முதல் வேலை தண்ணீர். இதுதான் மறுநாளின் நேரத்தை அப்படியே பாதியாக்குகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வீட்டு அடுப்பில் 19 லிட்டரையும் கொதிக்க வைப்பது சிரமம். வைத்தாலும் ஆற்றுவது அதைவிடச் சிரமம். அதனால் சுமார் 10 லிட்டரை மட்டும் கொதிக்க வைத்து, மீதித் தண்ணீரைக் கடைசியில் ஃபெர்மென்டரில் சேர்க்கிறோம். அந்த மீதித் தண்ணீரை முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கணக்கு இதுதான்: 35 டிகிரியில் இருக்கும் 10 லிட்டரோடு 4 டிகிரியில் இருக்கும் 9 லிட்டர் சேர்ந்தால், மொத்தம் 20 டிகிரிக்கு வந்து நிற்கும். யீஸ்ட் போடச் சரியான சூடு அது. அதாவது கொதித்த பாத்திரத்தை 20 டிகிரி வரை ஆற்றத் தேவையே இல்லை, 35 வந்தால் போதும். கொதிநிலையிலிருந்து 35-க்கு வேகமாக இறங்கிவிடும். 35-லிருந்து 20-க்கு இறங்குவதற்குத்தான் உயிர் போகும்.

நான் கடையில் விற்கும் ஒரு கேலன் குடிநீர் கேன்களை சீல் உடைக்காமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் விவகாரம் இருக்கிறது. பல ஊர்களில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கிறார்கள், அது கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது, பியரில் மருந்து வாடையாக வந்து நிற்கும். 19 லிட்டருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரையை (பியர், ஒயின் செய்கிறவர்கள் பயன்படுத்தும் சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்கினால் தீர்ந்தது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சுத்தமான மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இரண்டாவது, ஐஸ். குளிர வைக்கும் தொட்டிக்கு இரண்டு மூன்று பெரிய டப்பா நிறைய உறைய வையுங்கள். சின்னக் கட்டிகள் சீக்கிரம் கரைந்துவிடும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். கடுகு வெடிக்கும்போது கறிவேப்பிலையைத் தேடினால் என்ன ஆகும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். இங்கும் அதேதான். ஹாப்ஸை எடை போட்டுத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் "60 நிமிடம்", "15 நிமிடம்", "கடைசி" என்று சீட்டு ஒட்டுங்கள். ஏர்லாக் எங்கே, வாளி மூடியின் ரப்பர் எங்கே என்று இப்போதே பாருங்கள். வாளியைத் தேய்த்துக் கழுவியும் வைத்துவிடலாம். பழைய கறை ஒட்டியிருந்தால் சானிடைசர் அதன்மேல் வேலை செய்யாது.

காய்ச்சும் நாள்

1. காலையில் முதல் காரியமாக எக்ஸ்ட்ராக்ட் டப்பாக்களை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி வையுங்கள். குளிர்ந்த பாகு கரண்டியைக்கூட அசைய விடாது. இருபது நிமிடம் சூடேறினால் தேன் மாதிரி வழியும்.

2. பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீரை 68 டிகிரி வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, பார்லியைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டி இறக்குங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். சூடு 77 டிகிரியைத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். பையைத் தூக்கி வடியவிட்டு ஓரமாக வையுங்கள். தண்ணீர் இப்போது டிக்காஷன் நிறத்துக்கு வந்திருக்கும்.

3. தண்ணீரைக் கொதிக்க விட்டு, கொதி வந்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் பாகை ஊற்ற வேண்டும். இதில் அவசரம் வேண்டாம். பாகு தண்ணீரைவிடக் கனம், ஊற்றியதும் நேராக அடியில் போய்ப் படியும். கீழே தீ இருந்தால் அங்கேயே அடிப்பிடிக்கும். அந்தக் கருகல் வாசனை பியரை விட்டுப் போகாது. ஒருவர் ஊற்ற, இன்னொருவர் நீளக் கரண்டியால் அடியைச் சுரண்டுகிற மாதிரி கிளறினால் சுகம். கரண்டியை நிறுத்தி, அடியில் வழுவழுவென்று ஏதாவது தட்டுப்படுகிறதா பாருங்கள். தட்டுப்பட்டால் இன்னும் கரையவில்லை. டப்பாவில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி ஊற்றுங்கள்.

இந்த நேரத்தில் ஒரு டப்பா மட்டும் போதும். இன்னொன்றைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் நிறம் கறுத்துப்போகும், பேல் ஏல் என்ற பெயருக்கே பொருத்தமில்லாமல். பாகு குறைவாக இருந்தால் ஹாப்ஸின் கசப்பும் நன்றாக இறங்கும், பொங்குவதும் குறையும்.

கிட்டில் பாகுக்குப் பதில் பொடி இருந்தால் ஆவிக்கு நேரே பையைப் பிடிக்காதீர்கள். ஈரம் பட்ட நொடியில் வாய்ப்பகுதி கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒரு காய்ந்த கிண்ணத்தில் கொட்டி, அங்கிருந்து ஒரே வீச்சில் போடுங்கள்.

4. மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, மூடாமல் கொதிக்க விடுங்கள். பியர் ஆவதற்கு முந்தைய இந்த இனிப்புக் கஷாயத்துக்கு வோர்ட் என்று பெயர். இனிமேல் கொதி வரும்வரை பாத்திரத்தை விட்டு நகரக் கூடாது. பால் காய்ச்சும்போது எப்படி நிற்பீர்களோ அப்படி. முதலில் பழுப்பு நிறத்தில் மெல்லிய நுரை படரும். பிறகு அது தடித்து, ஓரத்தில் சுருக்கம் விழுந்து, நடுவில் மெத்தை மாதிரி எழும். எழ ஆரம்பித்தால் விளிம்பைத் தொடச் சில நொடிதான். உடனே தீயைக் குறைத்து, கையில் தயாராக வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டிலால் நுரைமேல் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று தடவை எழுந்து அடங்கும். அப்புறம் நுரை உடைந்து, வோர்ட்டுக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி துணுக்குகள் சுழல்வதைப் பார்ப்பீர்கள். அதெல்லாம் திரண்ட புரதம். அதற்குமேல் பொங்கும் பயம் பெரும்பாலும் இல்லை.

நுரை அடங்கிய பிறகே முதல் ஹாப்ஸைச் சிறிது சிறிதாகப் போட்டு, கடிகாரத்தில் 60 நிமிடம் வையுங்கள். மற்ற ஹாப்ஸ், சீட்டில் எழுதிய நேரப்படி. பதினைந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது அடுப்பை அணைத்து இரண்டாம் டப்பாவை முன்பு சொன்னபடியே கரைத்து, திரும்பக் கொதி வந்ததும் கடிகாரத்தைத் தொடருங்கள்.

5. நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரம் பொன்னானது. பார்லிப் பையைக் கொட்டுங்கள், டப்பாக்களைக் கழுவுங்கள். சானிடைசர் கலக்குவதும் இப்போதுதான். நான் பயன்படுத்தும் ஸ்டார் சான் என்றால் 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. ஆனால் அவ்வளவும் தேவைப்படாது. 4 லிட்டருக்கு 6 மில்லி கலந்து, வாளியில் விட்டுச் சுழற்றி, மூடி, ஏர்லாக், கத்தரிக்கோல், யீஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறம், கேன்களின் வாய், எல்லாவற்றையும் நனையுங்கள். ஓரிரு நிமிட ஈரம் போதும். மிஞ்சும் நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அலசவும் வேண்டாம். அலசினால் செய்த சுத்தம் வீண்.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கும்வரை எதில் கை பட்டாலும் கவலையில்லை, கொதி கொன்றுவிடும். அடுப்பை அணைத்த நொடியிலிருந்து வோர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றும் சானிடைசரில் நனைந்திருக்க வேண்டும். அக்கறையைச் சேமித்து வைத்து இந்தப் பக்கத்தில் செலவிடுங்கள்.

6. பாத்திரத்தை மூடி, சிங்க்கில் இறக்குங்கள். எடுத்தவுடன் ஐஸைக் கொட்டாதீர்கள். கொதிக்கிற பாத்திரம் அதை ஐந்து நிமிடத்தில் தின்றுவிடும். முதலில் வெறும் குழாய்த் தண்ணீர். அது வெதுவெதுப்பானதும் மாற்றுங்கள், இரண்டு தடவை. பிறகு ஐஸ். அவ்வப்போது நனைத்த கரண்டியால் மெதுவாகக் கிளறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் 35 டிகிரி வந்துவிடும்.

7. ஃபெர்மென்டரில் முதலில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் வோர்ட், மேலே மீதித் தண்ணீர், 19 லிட்டர் கோடு வரை. பாத்திரத்தின் அடியில் தங்கும் கசடு கொஞ்சம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. நனைத்த கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டி இரண்டு நிமிடம் பலமாகக் கலக்குங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் கலங்கிப்போவது ஹைட்ரோமீட்டரால். கிட்டில் அடர்த்தி 1.050 என்று போட்டிருக்கும், உங்களுக்கு 1.038 காட்டும். கனமான வோர்ட்டும் தண்ணீரும் சரியாகக் கலக்கவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்ட்ராக்ட் முழுவதும் உள்ளே போய், அளவு 19 லிட்டர் இருந்தால் கிட் சொன்ன எண்ணையே எழுதி வைத்துக்கொள்ளலாம். அளந்து பார்க்க எடுத்த வோர்ட்டைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். இனிப்பும் கசப்புமாக இருக்கும்.

8. தெர்மாமீட்டர் 21 டிகிரிக்குக் கீழே காட்டுகிறதா? சரி, யீஸ்டைத் தூவுங்கள். சூடான பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது என்பது போலத்தான், வோர்ட் சூடாக இருந்தால் யீஸ்ட் நலியும், அல்லது வேண்டாத வாசனைகளைக் கிளப்பும். உலர் யீஸ்டைத் தனியாகத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டியதில்லை. மேலாகத் தூவி மூடுங்கள், ஏர்லாக்கில் சானிடைசர் ஊற்றிச் செருகுங்கள்.

வாளியை வெளிச்சம் படாத, 18 டிகிரி வாக்கில் இருக்கும் இடத்தில் வையுங்கள். நொதிக்கும்போது உள்ளே இரண்டு மூன்று டிகிரி தானாக ஏறும், அதனால் அறை கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பது நல்லது. கோடையில் நான் வாளியை ஒரு தொட்டித் தண்ணீரில் நிறுத்தி ஈரத்துண்டைச் சுற்றிவைக்கிறேன்.

பாத்திரத்தில் இப்போதே வெந்நீர் ஊற்றி ஊறப்போடுங்கள். காய்ந்த பாகைத் தேய்ப்பது கொடுமை. கூடவே தொட்டியைத் துடைத்தால் அன்றைய வேலை முடிந்தது.

மறுநாள் காலையிலோ மாலையிலோ ஏர்லாக்கில் குமிழி விடும் சத்தம் கேட்கும். நுரை ஏர்லாக்குக்குள்ளேயே ஏறிவிட்டால் அதைக் கழற்றி, ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைச் சானிடைசர் நிறைந்த புட்டியில் விடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் முதலில் மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா பாருங்கள். காற்று வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். திறந்து பார்க்கும் ஆசை வரும், முதல் பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஹைட்ரோமீட்டர் அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால், 1.012 வாக்கில், பாட்டில்களைக் கழுவத் தொடங்கலாம்.