‘கண்டோன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கிலச் செய்திகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் அடிக்கடி தென்படும் சொல் ‘கண்டோன்’. அகராதியைப் புரட்டினால் ‘மன்னி’, ‘பொறுத்துக்கொள்’ என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி எழுதினால் பாதி இடங்களில் பொருள் பிசகிவிடும். நண்பனை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ கண்டோன் யூ’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

முதலில் உச்சரிப்பு. எழுத்துகள் சி, ஓ, என், டி, ஓ, என், இ. கடைசி நான்கைப் பார்த்துவிட்டு ‘டன்’ என்று வாசிக்கக் கூடாது. போன், ஸோன் போல நீட்டி ‘டோன்’ என்று முடிய வேண்டும். அழுத்தம் முழுக்க இந்த இரண்டாம் அசையில்தான். முதல் அசை ‘கன்’ என்று லேசாக ஒலித்தால் போதும்.

பொருளைப் பிடிக்க மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு செயல் தவறானது. அது நடப்பது ஒருவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் எதிர்க்காமல், தண்டிக்காமல், போகட்டும் என்று விட்டுவிடுகிறார். இந்த மூன்றும் இருந்தால்தான் கண்டோன். நடந்ததே தெரியாதவரைப் பற்றி இந்தச் சொல்லைப் போட முடியாது. எதிர்க்க வழியே இல்லாமல் பயந்து வாய்மூடி இருப்பவரைப் பற்றிப் போடுவதும் அநியாயம். அவர் சகித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அதற்கு ‘டாலரேட்’ இருக்கிறது. தட்டிக்கேட்கும் இடத்தில் இருப்பவர், அதாவது மேலாளர், பெற்றோர், ஆசிரியர், அரசு, கண்டும் காணாமல் இருக்கும்போதுதான் இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். தமிழ்க் காதுக்கு இதை நினைவில் வைப்பது சுலபம்: கண்டோன் என்றால் கண்டவன், கண்டும் காணாததுபோல் விட்டவன். தற்செயலான ஒலி ஒற்றுமைதான், ஆனால் நன்றாக உதவும்.

இந்தச் சொல்லைப் போட்ட மாத்திரத்திலேயே ‘அந்தச் செயல் தவறு’ என்ற தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சக ஊழியர் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ கண்டோன் யுவர் டிசிஷன்’ என்று அவருக்கு எழுதினால், ‘நீ செய்வது தப்புதான், இருந்தாலும் போனால் போகட்டும்’ என்று படியும். ஆதரவு சொல்ல நினைத்தது அவமதிப்பாகிவிடும். அங்கே ‘சப்போர்ட்’ போதும். நல்ல செயலுக்கும், சரி தப்பு என்ற பேச்சே எழாத செயலுக்கும் கண்டோன் வேண்டவே வேண்டாம்.

இதனால்தான் இந்த வினை பெரும்பாலும் எதிர்மறையிலேயே வருகிறது. ‘வீ டூ நாட் கண்டோன் வயலன்ஸ்’, ‘ஐ கேனாட் கண்டோன் சீட்டிங்’, ‘புல்லியிங் வில் நாட் பி கண்டோன்டு’. தன்னைப் பற்றி ‘ஆமாம், நான் கண்டோன் செய்கிறேன்’ என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை. எதிர்மறை இல்லாமல் வந்தால் அது பெரும்பாலும் இன்னொருவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டு: ‘பை ஸ்டேயிங் சைலன்ட், யூ கண்டோன் இட்’. வாய்திறக்காமல் இருந்தே நீ அதற்கு இடம் கொடுக்கிறாய் என்பது பொருள். கேள்வியாகவும் வரும்: ‘ஆர் யூ கண்டோனிங் வாட் ஹி டிட்?’ விவாதத்தில் இது கூர்மையான கேள்வி, யோசித்துக் கேளுங்கள்.

அப்படிக் கேட்கப்பட்டால் பதில் சொல்லவும் ஒரு வாக்கிய அமைப்பு தயாராக இருக்கிறது. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் வை ஹி டிட் இட், பட் ஐ டோன்ட் கண்டோன் இட்.’ அவன் ஏன் செய்தான் என்பது புரிகிறது, அதற்காக அதை ஏற்க முடியாது. காரணத்தை விளக்குவது வேறு, ஏற்பது வேறு என்று பிரித்துக்காட்ட இதைவிடக் கச்சிதமான வாக்கியம் கிடைக்காது.

இலக்கணம் எளிது, ஆனால் வழுக்கும். செயப்படுபொருள் கட்டாயம், அது ஆளாக இருக்கக் கூடாது, செயலாக இருக்க வேண்டும். வினைக்கும் அதற்கும் நடுவே ‘பார்’, ‘டு’, ‘வித்’ எதுவும் வராது. பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘இங்’ சேர்த்த வடிவம்: ‘கண்டோன் லையிங்’. ‘கண்டோன் டு லை’ பிழை. ஆளைக் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ‘கண்டோன் ஹிஸ் லையிங்’. ‘தட்’ போட்டு வாக்கியத்தை நீட்டவும் முடியாது. ‘கண்டோன் தி பாக்ட் தட்’ என்று சுற்றி எழுதலாம், ஆனால் செயலின் பெயரையே நேராகப் போடுவது நல்லது. ‘வித்’ நுழைவதற்குக் காரணம் பெரும்பாலும் ‘கண்டோல்’. அது துக்கம் விசாரிக்கும் சொல். அதோடுதான் ‘வித்’ வரும். ஓர் எழுத்து மாறினால் இரங்கல் செய்தியே கெட்டுப்போகும், கவனம்.

பக்கத்துச் சொற்களோடு குழப்பம் வரும் இடங்களில் ‘பர்கிவ்’ முக்கியம். அது மனத்தில் இருக்கும் கோபத்தை விடுவது. ஆளையும் மன்னிக்கலாம், செயலையும் மன்னிக்கலாம். ஒருவரை மனதார மன்னித்துவிட்டு, அவர் செய்ததைக் கண்டோன் செய்ய மறுக்கலாம். இரண்டும் முரண் அல்ல. ‘பார்டன்’ அதிகாரம் உள்ளவர் தண்டனையிலிருந்து விடுவிப்பது. ‘எக்ஸ்கியூஸ்’ சில்லறைத் தவறுக்கு. ‘அப்ரூவ்’ என்றால் நல்லது என்றே ஒப்புக்கொள்வது. ‘ஜஸ்டிபை’ சரி என்று வாதாடுவது. கண்டோன் அவ்வளவு தூரம் போகாது, தடுக்காமல் விடுவதோடு நின்றுவிடும்.

எதிர்ச்சொல் ‘கண்டெம்’, கண்டிப்பது. அறிக்கை எழுதுபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். ‘நாட் கண்டோன்’ என்பதும் ‘கண்டெம்’ என்பதும் ஒரே எடை அல்ல. முன்னது ‘இதில் எங்களுக்கு உடன்பாடில்லை’ என்று ஒதுங்குவது; பின்னது வெளிப்படையான கண்டனம். ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்ட பிறகு ‘வீ டோன்ட் கண்டோன் திஸ்’ என்று மட்டும் எழுதினால் நழுவுவதுபோல் இருக்கும். கண்டிக்க வேண்டிய நேரத்தில் ‘கண்டெம்’ என்றே எழுதுங்கள்.

தமிழாக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். எதிர்மறையில் ‘ஏற்க முடியாது’, ‘அனுமதிக்க மாட்டோம்’ இயல்பாக வரும். குற்றச்சாட்டில் ‘இடம் கொடுக்கிறார்’, ‘கண்டும் காணாமல் விடுகிறார்’. ‘துணைபோகிறார்’ கொஞ்சம் அதிகம். அது செயலில் பங்கெடுத்ததுபோல் ஒலிக்கும்.

சட்டமொழி மட்டும் தனி வழி. ‘தானம் கொடு’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த இந்த வினை, ‘டொனேட்’டுக்கு உறவுக்காரச் சொல். பிரிட்டனில் 1857-ல் வந்த திருமண வழக்குச் சட்டத்தை ஒட்டித்தான் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. துணையின் துரோகத்தை அறிந்தும் மன்னித்து மீண்டும் சேர்ந்து வாழ்ந்தால், அதைக் காட்டியே மணமுறிவு கேட்க முடியாது என்ற கோட்பாட்டின் பெயர் ‘கண்டோனேஷன்’. மனு தாக்கல் செய்யத் தாமதமானால் ‘டிலே கண்டோன்டு’ என்று நீதிமன்றம் உத்தரவிடுவதும் உண்டு. இங்கே குற்றம் சாட்டும் தொனி கிடையாது. ‘தாமதம் மன்னிக்கப்பட்டது’ என்பதுதான் சரியான தமிழ். பேச்சு வழக்கில் ‘கண்டோனேஷன்’ அரிது, ‘கண்டோனிங்’ போதும்.